விந்தணு டி.என்.ஏ. டெஸ்ட்: சாம்பிள் கொடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

சாதாரண விந்துப் பரிசோதனை முக்கியமாக எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் இவற்றைத்தான் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தும் அணுவின் தலைக்குள் டி.என்.ஏ. இழை அங்கங்கே அறுந்து கிடக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் டி.என்.ஏ. ஃபிராக்மென்டேஷன் டெஸ்ட். எடுத்த எடுப்பிலேயே எல்லாரும் செய்ய வேண்டியதில்லை. கரு அடுத்தடுத்துக் கலைகிறது, ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை) காரணம் தெரியாமல் தோற்கிறது, வெரிகோசீல் (விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது) இருக்கிறது என்றால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது சாம்பிளில்தான். உறவு, சுய இன்பம் இல்லாமல் இத்தனை நாள் இருக்க வேண்டும் என்று லேபில் சொல்வார்கள், பொதுவாக 2 முதல் 7 நாளுக்குள். நிறைய சேர்த்து வைத்தால் ரிசல்ட் நன்றாக வரும் என்று பதினைந்து நாள் வரை இழுக்காதீர்கள், எண்ணிக்கை கூடுமே தவிர, தேங்கிக் கிடக்கும் அணுக்களில் சேதமும் சேர்ந்தே கூடும். கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் போகட்டும், ஏனென்றால் ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும். லேப் கொடுக்கும் டப்பாவில் மட்டும் பிடியுங்கள். எண்ணெய், ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் வேண்டாம். கொஞ்சம் சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முடிந்தவரை லேபிலேயே கொடுப்பது நல்லது, வெளியே வைத்திருக்க வைத்திருக்க இழைகள் இன்னும் அறுந்துகொண்டே போகும்.

அப்புறம், எந்த முறையில் பார்க்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஹேலோ முறையில் அணுக்களை ஸ்லைடில் அகரோஸ் ஜெல்லுக்குள் பதித்து, முதலில் அமிலம், பிறகு புரதத்தைக் கரைக்கும் திரவம் விடுவார்கள். நல்ல அணுவின் டி.என்.ஏ. சுருள்கள் விரிந்து தலையைச் சுற்றி நிலவுக்கு வட்டம் கட்டியது போலத் தெரியும், சேதமான அணுவில் வட்டம் சிறிதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. எஸ்.சி.எஸ்.ஏ. முறையில் அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றி, ஆயிரக்கணக்கான அணுக்களை மெஷினில் ஓடவிட்டு எண்ணுவார்கள்: பச்சையாக ஒளிர்ந்தால் நல்லது, சிவப்பு என்றால் சேதம். டியூனல், காமெட் என்றும் முறைகள் உண்டு.

ரிப்போர்ட்டில் டி.எஃப்.ஐ. என்று ஒரு சதவீதம் இருக்கும், சேதமான அணுக்களின் பங்கு அது. எஸ்.சி.எஸ்.ஏ.வில் 15-க்குக் கீழே நல்லது, 30-க்கு மேலே அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் இதே அளவை மற்ற முறைகளுக்கு அப்படியே போட முடியாது. அதிகம் வந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, ஓரளவு சேதத்தைக் கருமுட்டையே சரிசெய்துகொள்ளும். புகை, வெரிகோசீல், தொற்று, சூடு என்று காரணத்தைத் தேடுங்கள், கடையில் சும்மா வைட்டமின் வாங்கிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது அதே லேப், அதே முறை, அதே இடைவெளி நாட்கள். இல்லாவிட்டால் எண் மாறியது சிகிச்சையாலா டெஸ்டாலா என்று டாக்டராலேயே சொல்ல முடியாது.