வன்னிப் புழுதியும் கார்ப் பெயின்றும்: கழுவ, கிளே பிடிக்க, வக்ஸ் பூச எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஏ9 வீதியில் ஓடும்வரை என் கார் கறுப்பு. குறுக்கு வீதி ஒன்றால் கிறவலில் இறங்கி இரண்டு கிலோமீற்றர் போனால் செம்மண் நிறம். சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் முற்றத்தில் சும்மா நிற்கிற வாகனத்துக்கும் அதே கதிதான்.

முதல் வருஷம் தினமும் காலையில் ஒரு பழைய சாரத்துண்டால் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஒருநாள் பின்னேர வெயில் பொனற்றில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தேன், முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். வீதி செய்த வேலை இல்லை, என் சாரம் செய்த வேலை. பெயின்றுக்கு மேலே இருக்கிற கிளியர் படலம் ஏறக்குறைய 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரைவிட மெல்லியது. அதன்மேல் கிறவல் தூசியை உலரத் தேய்ப்பதும் சான்ட் பேப்பரால் தேய்ப்பதும் ஒன்றுதான். ஆகவே முதல் விதி: தண்ணீர் ஊற்றாமல் துணி வைக்காதீர்கள். நேரமில்லையா, தூசியோடு ஓடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வன்னியில் எல்லா வாகனமும் அப்படித்தான்.

கழுவுதல்

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கிழமைக்கு ஒருமுறை. மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். ஆனால் சில்லுக்கு மேலே உள்ள வளைவுக்குள் அப்பிய சேற்றை இடையிடையே பீய்ச்சி விடுங்கள், அங்கேதான் கறள் தொடங்கும்.

வெயில் ஏறமுன் அல்லது பின்னேரம் தொடங்குங்கள். பொனற்றில் கை வைத்தால் சுடக்கூடாது. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். சலவைத்தூள் வேண்டாம், பூசிய வக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

முதலில் சில்லுகளைத் தனித் துணியால் கழுவி முடியுங்கள். பிறகு கூரையிலிருந்து கீழே நிறையத் தண்ணீர் விடுங்கள். புழுதியில் பெரும்பங்கு இப்போதே போய்விட வேண்டும், இதில் அவசரப்பட்டால் மிச்சமெல்லாம் வீண். அப்புறம் மைக்ரோபைபர் கையுறையை ஷம்பூவில் நனைத்து, மேலிருந்து கீழாக, நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். ஒரு கதவு முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷம்பூவுக்குள் விட வேண்டும். கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி, மணல் அங்கேதான் கூட.

கடைசியாக அலசியதும் உடனே துடையுங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூட, கேத்தலுக்குள் பிடிக்கிற அதே வெள்ளைதான் காரிலும் துளித்துளியாகப் பிடிக்கும். பிடித்துவிட்டால் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, உடனே நன்றாக அலசிவிடுங்கள். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் கடைசி வாளிக்கு அதை வையுங்கள்.

காக எச்சத்துக்கு மட்டும் கிழமைக் கணக்கு இல்லை, கண்ட அன்றே. நிழலுக்கென்று வேம்பின் கீழ் விட்டால் அதற்குரிய வாடகை இது. வெயிலில் கிளியர் இளகும். எச்சம் காய்ந்து இறுகும்போது அதன் தடம் அப்படியே பதிந்துவிடும். ஈரத்துணியை மேலே போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தூக்கி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

கிளே

பெயரைக் கேட்டுவிட்டு குளக்கட்டில் களிமண் தோண்டப் போய்விடாதீர்கள். இது சவர்க்காரக் கட்டி போலக் கடையில் வரும், பிசைந்தால் இளகுகிற செயற்கைக் கட்டி. கழுவினாலும் போகாமல் பெயின்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் தார்ப்பொட்டு, மரப்பால், பிறேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் ஆகியவற்றைக் கழற்றி எடுக்கும். கீறலை அழிக்காது.

தேவையா என்று பார்க்க ஒரு வழி: கழுவித் துடைத்த பொனற்றில், மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவுங்கள். சொரசொரப்பு என்றால் தேவை, வழுக்கினால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள். கிளேயும் கிளியரில் நுண்ணிய உராய்வை ஏற்படுத்தும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை போதும், மிஞ்சினால் இரண்டு. நான் பங்குனியில் பிடிப்பேன். மாரிச் சேறும் அறுவடை ஓட்டமும் முடிந்திருக்கும், சித்திரை வெயில் இன்னும் தொடங்கியிருக்காது.

மென்மையான வகையை வாங்குங்கள். உள்ளங்கையளவு தட்டையாக்கி, ஷம்பூத் தண்ணீரை ஸ்பிறே போத்தலால் தாராளமாக அடித்து, இரண்டடிச் சதுரத்துக்குள் முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள். முதலில் கரகரக்கும், பிறகு வழுக்கும். வழுக்கியதும் அடுத்த சதுரம். அழுக்கான பக்கத்தை மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். நான் ஒருமுறை மனம் கேளாமல் கழுவி எடுத்துப் பாவித்து, இடப்பக்கக் கதவில் இரண்டு கோடு வாங்கியிருக்கிறேன்.

வக்ஸ்

கிளே பழைய வக்ஸையும் கொண்டுபோய்விடும். எனவே அன்றைக்கே பூச வேண்டும். பெயர்பெற்ற கார்னோபா வக்ஸ் வடகிழக்குப் பிறேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அந்த ஓலையும் எங்கள் பனையோலை போல விசிறி வடிவம்தான். வெயிலில் ஈரம் இழக்காமல் இருக்க மரம் தனக்குப் பூசிக்கொண்டதை நாங்கள் காருக்குப் பூசுகிறோம். எங்கள் வெயிலில் அது இரண்டு மாதம், நல்லாய்ப் போனால் மூன்று. வக்ஸுக்குப் பதிலாகப் பூசுகிற செயற்கைப் பூச்சான சீலன்ட் என்றால் நாலைந்து மாதம் நிற்கும்.

நிழலில், ஒரு நேரத்தில் ஒரு பகுதி. ஸ்பொஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லியதாகப் பூசுங்கள். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக இருந்தால் புது மைக்ரோபைபரால் துடைத்து எடுக்கலாம். கறுப்புப் பிளாஸ்ரிக் பகுதிகளில் படவிடாதீர்கள், வெள்ளையாகப் பிடித்தால் எடுப்பது பெரும்பாடு.

நான் பங்குனியில், ஆனிக் கடைசியில், மாரிக்கு முன் புரட்டாசியில், மழை விட்டபின் தையில் என்று நாலு தடவை பூசுகிறேன். தேதி பாராமல் தண்ணீரைப் பார்த்தாலும் சரி. ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் வக்ஸ் இருக்கிறது. பாய் விரித்ததுபோலப் பரந்து நின்றால் டப்பாவை எடுங்கள்.

டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயின்ற் அடித்த வாகனம் என்றால் மட்டும் ஒன்றிரண்டு மாதம் வக்ஸ் பக்கமே போகாதீர்கள். உள்ளேயிருக்கும் தின்னர் முழுதாக ஆவியாக வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரும் ஷம்பூவும்தான்.