உயிரி ஆயுதத் தாக்குதலை முதல் நோயாளியிடமே தவறவிடுவது எப்படி?

2001 அக்டோபர் 2. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 63 வயதுக்காரர் ஒருவரைக் காய்ச்சலும் மனக்குழப்பமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் மூளைக்காய்ச்சல் போலத்தான் இருந்தது. தண்டுவட நீரை நுண்ணோக்கியில் பார்த்த தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ், குச்சி குச்சியாகப் பேசில்லஸ் கிருமிகளைக் கண்டார். ஆய்வகத்தில் பேசில்லஸ் என்றாலே, 'தோலிலிருந்து கலந்திருக்கும்' என்று ஒதுக்கிவிடும் பழக்கம் உண்டு. முதல் தவறு அதுதான். புஷ் ஒதுக்கவில்லை. பேசில்லஸ் வகைக் கிருமி ஒன்றால் வரும் கொடிய நோயான ஆந்த்ராக்ஸாக இருக்குமோ என்ற சந்தேகத்திலேயே சுகாதார அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். 4ஆம் தேதி உறுதியானது. மறுநாள் நோயாளி இறந்தார்.

அடுத்த தவறு அரசுத் தரப்பில். நோயாளி ஓடைத் தண்ணீர் குடித்ததைக் குறிப்பிட்டு, இது தனியொரு சம்பவம்தான் என்றார் அமெரிக்க சுகாதார அமைச்சர். உண்மையில் யாரோ ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து அஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். கையில் கிடைத்த முதல் காரணத்தோடு திருப்தி அடைவது இப்படித்தான். 1984இல் ஆரிகன் மாநிலத்தில் 751 பேருக்கு சால்மோனெல்லா என்ற குடல் கிருமி தொற்றியபோதும், சமையல் ஊழியர்களின் கை சுத்தமில்லை என்று முடித்துவிட்டார்கள். உணவகங்களின் சாலட்டில் ரஜ்னீஷ் ஆசிரமத்தினர் கிருமியைக் கலந்தது வெளிவர ஒரு வருடம் ஆனது. யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதால் தாக்குதல் இல்லை என்று ஆகிவிடாது.

தோலில் வரும் ஆந்த்ராக்ஸைச் சிலந்திக் கடி என்று நினைப்பதும் நடக்கும். நியூயார்க்கில் ஏழு மாதக் குழந்தைக்கே அப்படி நடந்தது. கறுத்த புண் வலிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். நுரையீரல் வகை ஃப்ளூ போலத் தொடங்கும். ஆனால் மூக்கு ஒழுகுவது அபூர்வம். மார்பு எக்ஸ்ரேயை நன்றாகப் பாருங்கள், மார்பின் நடுப்பகுதி அகன்று தெரியலாம்.

என்னை இன்றும் உறுத்துவது வாஷிங்டன் அஞ்சல் ஊழியர்களின் கதை. அக்டோபர் 15 அன்று அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் அலுவலகத்தில் அப்படியொரு கிருமிக் கடிதம் பிரிக்கப்பட்டதும், அங்கிருந்தவர்களுக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைக் கையாண்ட அஞ்சல் நிலையத்தை 21ஆம் தேதிதான் மூடினார்கள். ஒட்டிய உறையிலிருந்து கிருமி கசியாது என்ற நம்பிக்கை! எங்கே வேலை செய்கிறீர்கள், கூட வேலை செய்பவர் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்பதும் சோதனையின் பகுதிதான். அந்த நிலைய ஊழியர் ஒருவர் 21ஆம் தேதி விடிகாலையில் அவசர எண்ணை அழைத்து, தனக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கலாம் என்று தானே சொன்னார். வைரஸாக இருக்கும் என்று மருத்துவர் முன்பு சொல்லியிருந்ததையும் சொன்னார். சில மணி நேரத்தில் இறந்துபோனார்.