காலேஜ் டீமுக்குப் பையன்கள் வர வேண்டுமா? ஜெர்சியிலிருந்து ஆரம்பியுங்கள்

காரைக்குடி பக்கம் ஒரு கல்லூரியின் கால்பந்து டீமைப் பார்த்துக்கொள்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே நன்றாக ஆடுகிற பையன்களைச் சென்னை, கோவைக் கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். நம்மைப் போலச் சின்ன ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் ஜெர்சியைச் சரிசெய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் ஓரிகான் பல்கலைக்கழகம் இதைத்தான் செய்தது. அங்கே ஆடுவது ஹெல்மெட் போட்டு ஆடுகிற அவர்கள் ஊர் ஃபுட்பால், ஆனால் பிரச்சினை நம்முடையதேதான்: ஊர் யூஜின், பெரிய நகரம் இல்லை, சொல்லிக்கொள்ளப் பழைய கோப்பைகளும் அதிகம் இல்லை. 1996-இல் காட்டன் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்திடம் 38-6 என்று தோற்ற பிறகு, அங்கே படித்தவரும் நைக்கியை நிறுவியவர்களில் ஒருவருமான ஃபில் நைட் பணத்தையும் டிசைனர்களையும் இறக்கினார். மேட்சுக்கு மேட்ச் நிறம் மாறுகிற உடையைப் பார்க்கவே பள்ளிப் பையன்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். 2011, 2015 இரண்டு வருடமும் ஜனவரியில் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம் வரை போனார்கள், இரண்டிலும் தோல்விதான். இன்னொரு பக்கம் அலபாமா பல்கலைக்கழகம். ஹெல்மெட்டில் சின்னம்கூடக் கிடையாது, வெறும் எண். நிக் சேபன் கோச்சாக இருந்த காலத்தில் மட்டும் 6 தேசியப் பட்டம். ஜெயிக்கிறவனுக்குப் பழைய உடையே போதும், இன்னும் ஜெயிக்காத நாம்தான் கண்ணில் பட வேண்டியிருக்கிறது.

நிறத்துக்கு வெளியே எங்கும் தேட வேண்டாம், கண்டாங்கிச் சேலை இருக்கிறது. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு. ஆனால் அந்தப் பெரிய கட்டத்தை ஜெர்சி முழுக்கப் போடாதீர்கள், முதுகில் எண் தெரியாது. கைப்பட்டையிலும் காலரிலும் மட்டும் ஓடவிட்டு மற்ற இடத்தை ஒரே நிறமாக விடுங்கள். வெள்ளை வேண்டவே வேண்டாம், நம் செம்மண் கிரவுண்டில் ஒருமுறை விழுந்து எழுந்தால் கறை போகாது. கோல்கீப்பருக்குத் தனி நிறம் விதியிலேயே இருக்கிறது, எதிர் டீமும் அரக்கில் வந்துவிட்டால் மாற்றிக்கொள்ள இரண்டாவது செட்டும் எடுத்துவையுங்கள்.

ஜெர்சியில் எண்களை ஒட்டச் சொல்லாதீர்கள். ஒரு வருடம் உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒட்டு எண் வாங்கினோம். மூன்றாவது சலவையிலேயே 8-இன் இடது பக்கம் உரிந்து 3 ஆகிவிட்டது. அந்த வருட ட்ரையல்ஸுக்கு வந்த ஒரு பையன் எங்கள் ஆள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டான். பணம் இல்லாத கல்லூரி என்று அவன் நினைத்திருந்தால்கூட எனக்கு வருத்தமில்லை, கவனிக்காத கல்லூரி என்று நினைத்திருப்பான் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அதனால் திருப்பூரில் சப்ளிமேஷன் பிரிண்ட்டுக்குக் கொடுங்கள், சாயம் துணிக்குள்ளேயே இறங்கிவிடும், உரிந்து வர எதுவும் இருக்காது. மே மாத ட்ரையல்ஸுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆர்டர் போய்விட வேண்டும். அளவு பையனுக்குப் பையன் எடுங்கள், எல்லாருக்கும் எல் சைஸ் என்று வாங்கினால் ஒல்லியான விங்கருக்கு அது நைட்டி மாதிரி தொங்கும்.

சரி, ஜெர்சி வந்தாயிற்று. அதை ஸ்டோர் ரூமில் பூட்டிவைக்காதீர்கள், பெரும்பாலான கல்லூரிகள் தவறுவது இங்கேதான். மேட்ச் ஜெர்சி போக ஆளுக்கொரு ட்ராக் ஜாக்கெட் கொடுத்து அதைப் போட்டுக்கொண்டே ஊருக்குப் போகச் சொல்லுங்கள். முதுகில் கல்லூரிப் பெயரைத் தமிழில், பஸ் ஸ்டாண்டில் எதிர் வரிசையில் நிற்கிறவன் படிக்கிற அளவுக்குப் போடுங்கள். போன பொங்கலுக்கு எங்கள் ஸ்டாப்பர் அப்படித்தான் தேவகோட்டை பக்கம் தன் ஊருக்குப் போனான். கண்மாய்க் கரையில் ஆடிக்கொண்டிருந்த பொடியன்கள், “அண்ணே, இது காசு கொடுத்து வாங்குனதா, காலேஜ்ல கொடுத்ததா?” என்று கேட்டிருக்கிறார்கள். மே மாதம் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் ட்ரையல்ஸுக்கு வந்தார்கள்.