ஊரிலிருந்து உறவினர் வருகிறார்களா? மலேசிய நுழைவுப் படிவத்தைத் தவறில்லாமல் நிரப்பும் முறை

தைப்பூசமோ வீட்டுக் கல்யாணமோ நெருங்கினால் போதும், தமிழ்நாட்டிலிருந்து போன் வந்துவிடும்: "கொரோனா ஊசி சர்டிபிகேட் இன்னும் கேக்குறாங்களா? பி.சி.ஆர். எடுக்கணுமா?" இரண்டுமே வேண்டாம். 2022 ஏப்ரல் 1-இல் மலேசியா எல்லையைத் திறந்தபோது புறப்படுவதற்கு இரண்டு நாளுக்குள் ஒரு பி.சி.ஆர்., இறங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆர்.டி.கே. என்ற விரைவுச் சோதனை, மலேசிய அரசின் கொரோனா செயலியான மைசெஜாத்ராவில் பயணி அட்டை, காப்புறுதி என்று எல்லாம் இருந்தன. ஒரே மாதத்தில், மே 1 முதல், ஊசி முழுமையாகப் போட்டவர்களுக்குச் சோதனையும் காப்புறுதியும் நீக்கப்பட்டன. ஆகஸ்ட் 1 முதல் ஊசி போட்டவர், போடாதவர் என்ற பிரிவே இல்லை. பயணி அட்டையும் அன்றோடு முடிந்தது. அந்தக் காலத்துப் பட்டியல்களை இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றை நம்பிச் சோதனைக் கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இப்போது கட்டாயமாக இருப்பது எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுப் பயணிகள் இதை நிரப்பிவிட்டுத்தான் வர வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு இது தேவையில்லை. சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் நிரந்தரவாசிகள், நீண்டகால பாஸ் உள்ளவர்கள், சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. குடிநுழைவைக் கடக்காமல் விமானம் மட்டும் மாறிப் போகிறவர்களும் நிரப்ப வேண்டியதில்லை.

இதற்குக் கட்டணமே கிடையாது. இதை முதலில் சொல்லக் காரணம், தேடுபொறியில் அட்டையின் பெயரைப் போட்டால் பணம் கேட்கும் தனியார் தளங்களும் சேர்ந்து வருகின்றன. பார்வைக்கு அரசாங்கத் தளம் போலவே இருக்கும். முகவரியில் குடிநுழைவுத் துறையின் பெயருக்குப் பின்னால் "டாட் கவ் டாட் எம்ஒய்" இருக்கிறதா என்று பாருங்கள். கிரெடிட் கார்டு எண் கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு இந்த வேலையை இங்கிருக்கும் மகனோ மருமகளோ செய்து கொடுப்பதே நல்லது. முகவரி, போஸ்கோட் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதற்கு அவர்களுடைய பாஸ்போர்ட்டின் முகப்பக்கப் படம் உங்கள் கையில் இருக்க வேண்டும். போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதாதீர்கள். 'பி'யும் 'டி'யும் காதில் ஒன்றுபோலத்தான் விழும். படத்தை நிழல் விழாமல், அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்தும் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்திய பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். ஆகவே எழுத்துக்குப் பின் வரும் வட்டம் எப்போதும் சுழியம்தான், 'ஓ' அல்ல. பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும், பழைய படத்தை வைத்து நிரப்பக்கூடாது. மலேசியா வந்து சேரும் நாளில் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது ஆயுள் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயரில்தான் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ்.முருகன் என்று ஊரில் அறியப்படுகிறவரின் பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியம்' என்று முழுதும் ஒரே கட்டத்தில் இருக்கலாம், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகக் கிடக்கலாம். இன்னொருவருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். கொரோனா காலத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுந்த இடம் இது: ஆதாரைக் காட்டி ஊசி போட்டதால், இந்தியாவின் ஊசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் விரிந்த இன்னொரு பெயர். பாஸ்போர்ட் எண்ணை இணைத்துப் பெயரைத் திருத்தும் வசதி கோவினில் வந்த பிறகுதான் அது சரியானது. எம்.டி.ஏ.சி.யில் பெயருக்கு ஒரே கட்டம். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எதையும் சுருக்காமல், இனிஷியல் சேர்க்காமல், அப்படியே எழுதுங்கள். விமான டிக்கெட்டில் குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால் ஒரே பெயரை இரண்டு முறை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து இங்கேயும் இரண்டு முறை எழுத வேண்டாம்.

பிறந்த இடம் என்று கேட்கும் கட்டத்தில் ஊரை அல்ல, நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலாயாவில் பிறந்து சிறு வயதில் ஊருக்குப் போய்விட்ட தாத்தா பாட்டிகள் உண்டு. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் பினாங்கு என்றிருந்தால், குடியுரிமை இந்தியா, பிறந்த இடம் மலேசியா என்று வரும். தயங்க வேண்டாம், அதுதான் சரி.

தேதியில் கவனம் வேண்டும். வந்து சேரும் நாளுக்கு மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும், அனுப்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். 20-ஆம் தேதி இறங்குகிறவருக்கு 18-ஆம் தேதி உட்கார்ந்து நிரப்புங்கள். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு இரவு விமானங்கள் நிறைய. 19-ஆம் தேதி இரவு 11 மணிக்கு ஏறினால் இங்கே இறங்குவது 20-ஆம் தேதி விடியலில், நம் நேரம் இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. படிவம் கேட்பது இறங்கும் தேதியை. டிக்கெட்டில் முதலில் கண்ணில் படும் தேதியை எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. விமான எண் வெளிநாட்டிலிருந்து மலேசியாவுக்குள் கொண்டுவரும் விமானத்தினுடையது. கோலாலம்பூரில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் பினாங்கு வருகிறவர் அந்த இரண்டாவது எண்ணைப் போடக்கூடாது. சென்னையிலிருந்து நேரே பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு வரும் இண்டிகோ விமானத்தில் இந்தக் குழப்பமே இல்லை.

தங்குமிடத்தில் உறவினர் வீடு என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் முகவரியைக் கொடுங்கள். மாநிலத்தைப் பேச்சு வழக்கில் போடாதீர்கள். கிள்ளான், பூச்சோங், ரவாங்கில் இருப்பவர்கள்கூட ஊரில் "கே.எல்.ல இருக்கோம்" என்றுதான் சொல்வோம், ஆனால் மாநிலம் சிலாங்கூர். பத்துமலையும் அப்படியே, 68100, சிலாங்கூர். பிரிக்பீல்ட்ஸ் 50470 கூட்டரசுப் பிரதேசம். பட்டர்வொர்த் தீவில் இல்லையென்றாலும் மாநிலம் பினாங்குதான்.

மின்னஞ்சல் இல்லாத பெரியவருக்கு உங்களுடையதைக் கொடுங்கள். அனுப்பி முடித்ததும் அந்த மின்னஞ்சலுக்கு ஒரு பின் (PIN) எண் வரும். அதையும் பாஸ்போர்ட் எண்ணையும் கொண்டு பதிவைத் திறந்து பார்த்து, படம் பிடித்து அவர் கைப்பேசிக்கு அனுப்பி வையுங்கள். தாளிலும் ஒரு பிரதி பையில் இருக்கட்டும், இறங்கியதும் இணையம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பின் எண் வரவில்லையென்றால் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். தவறு கண்ணில் பட்டால் புதிதாக ஒன்று நிரப்பி அனுப்பிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும், அம்மாவின் அட்டையில் குழந்தை சேராது.

இந்தியக் குடிமக்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் வரை இருக்கலாம். "ஒரு மாசம்" என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுப்பது ஆபத்து. ஜனவரி 5 வந்தவர் அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் பிப்ரவரி 3-க்குள் கிளம்ப வேண்டும், பிப்ரவரி 5 டிக்கெட் கூடுதல் தங்கல் ஆகிவிடும். கவுண்டரில் திரும்பும் டிக்கெட்டையும் கைச்செலவுக்குப் பணம் இருப்பதையும் கேட்கலாம். தமிழ் மட்டும் பேசும் பெரியவர் தனியாக வந்தால், உங்கள் பெயர், உறவு, முகவரி, கைப்பேசி எண், திரும்பும் தேதி ஆகியவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதி, உங்கள் ஐசி நகலோடு கொடுத்தனுப்புங்கள். யாரும் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையில் பதறி நிற்கும் அம்மாவுக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி. காப்புறுதியும் இப்போது கட்டாயமில்லை என்றாலும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவருக்கு எடுத்துவிடச் சொல்வோம். அரசாங்க மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு.

ஊசிச் சான்றிதழ் இன்னும் கேட்கப்படும் ஒரே இடம் மஞ்சள் காய்ச்சல். நைஜீரியா, கென்யா போன்ற நாடுகளில் வேலை செய்துவிட்டு அங்கிருந்து வருகிறவர் மஞ்சள் புத்தகத்தைக் காட்ட வேண்டும். ஊசி போட்டு பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும், செல்லத் தொடங்கினால் ஆயுளுக்கும் போதும்.

நாம் ஊருக்குப் போகும்போதும் ஒரு படிவம் உண்டு. கொரோனா காலத்தில் இந்தியா கேட்ட ஏர் சுவிதா படிவம் 2023-லேயே போய்விட்டது. ஆனால் 2025 அக்டோபர் 1 முதல் இந்தியா வெளிநாட்டவருக்குத் தன் மின்வருகை அட்டையைக் கொண்டுவந்திருக்கிறது. இறங்குவதற்கு 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், இதற்கும் கட்டணம் இல்லை. விசாவுக்கு இது மாற்று அல்ல, இ-விசாவைத் தனியாக எடுத்த பிறகே இதற்கு வாருங்கள்.