நடந்துகிட்டே பார்க்கிற நாடகமா? முதல்ல பாதையைப் பாருங்க

கோபி பக்கம் பழைய அரிசி மில்லில் ஒரு நாடகம். மேடை கிடையாது, நடிகர்கள் போகிற இடத்துக்கெல்லாம் நாமும் கூடவே போகணும். சக்கர நாற்காலியில் வந்திருந்த அக்கா ஒருத்தர் நெற்களத்தோடு நின்னுட்டாங்க. குடோனுக்கு ஏற மூணு படி. "நீங்க போய்ப் பாருங்க கண்ணு, நான் இங்கயே இருக்கறேன்"னாங்க. எனக்கு மனசே கேட்கலைங்க.

ஒத்திகைக்கு முன்னாடியே ஒரு சக்கர நாற்காலியை வாங்கி வந்து முழுப் பாதையையும் உருட்டிப் பாருங்க. வாசல் 90 செ.மீ. அகலம், திரும்ப 150 செ.மீ. இடம் வேணும். ஓர் அடி உயரத்துக்குச் சாய்தளம் 12 அடி நீளம். பலகையைச் செங்குத்தா சாய்ச்சுட்டு நாலு பேர் தூக்கிவிடறது சாய்தளம் ஆகாது.

பார்வையற்றவங்களை அரை மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லுங்க. உடுக்கையைக் கையில கொடுங்க. ஒடுங்கின இடுப்பைத் தடவி, கயிற்றை அழுத்தி, சத்தம் மாறுறதை அவங்களே கேட்கட்டும். அப்புறம் இருட்டில் உடுக்கை அதிரும்போது அது என்னன்னு யாரும் காதில் கிசுகிசுக்க வேண்டியதில்லை. நடிகர்களும் தங்கள் குரலிலேயே பேரையும் வேஷத்தையும் சொல்லிடட்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் கூட்டத்தோடவே நடக்கணும், அவர் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழணும். நொடிக்கு 3 தடவைக்கு மேல் மின்னும் விளக்கு வலிப்பு உள்ளவங்களுக்கு ஆபத்து, வேண்டாம். பறைச் சத்தம் தாங்காதவங்க ஒதுங்க ஓர் அமைதியான அறை ஒதுக்குங்க.

இது சலுகை இல்லைங்க. கலை நிகழ்ச்சிகளில் பங்குபெறுவது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவிலேயே இருக்கு.