ஹக்கோனே: காலையில் எரிமலை, மாலையில் வெந்நீர் ஊற்று

டோக்கியோவில் ஒரு நாள் ஓய்வாகக் கிடைத்தால், எரிமலையும் வெந்நீர் ஊற்றுகளும் உள்ள மலைப்பகுதியான ஹக்கோனேவுக்குப் போய் வாருங்கள். மலை முதலில், குளியல் கடைசியில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பிற்பகலில் மேகம் ஏறிவிட்டால் ஃபுஜி மலை கண்ணுக்குத் தெரியாது.

1. கிளம்புவதற்கு முன் ரோப்கார் ஓடுகிறதா என்று பாருங்கள். பலத்த காற்றோ எரிமலை வாயுவோ இருந்தால் நிறுத்திவிடுவார்கள். 2015 ஜூனில், ரோப்கார் வழியிலுள்ள ஓவாகுடானி எரிமலைப் பள்ளத்தாக்கில் சிறு வெடிப்பு நிகழ்ந்தது; ரோப்கார் முழுப் பாதையிலும் மீண்டும் ஓடியது 2016இல்தான். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஓவாகுடானியைத் தவிர்க்க வேண்டும்.

2. டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் ‘ஹக்கோனே ஃப்ரீ பாஸ்’ என்ற பயணச்சீட்டை வாங்குங்கள். ரயில், ரோப்கார், படகு, பஸ் எல்லாம் அதில் அடங்கும். ரொமான்ஸ்கார் விரைவு ரயிலுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஹக்கோனே-யுமோட்டோவில் இறங்கலாம்.

3. அங்கிருந்து கோராவுக்கு மலை ரயில். செங்குத்தான சரிவில் ரயில் மூன்று இடங்களில் நின்று, திசை மாறி ஏறும்; ஓட்டுநரும் நடத்துநரும் இடம் மாறிக்கொள்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிறகு கேபிள் கார் (தண்டவாளத்தில் கம்பியால் இழுக்கப்படும் வண்டி), அதன்பின் ரோப்கார்.

4. ஓவாகுடானி, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பில் பிறந்த பள்ளத்தாக்கு. கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். இங்கே கருப்பு முட்டையை வாங்கிச் சாப்பிடுங்கள். ஊற்று நீரிலுள்ள இரும்பு ஓட்டில் படிந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடுடன் சேர்ந்து கறுக்கிறது. உள்ளே வழக்கமான வெள்ளைதான். ஒன்று தின்றால் ஆயுள் ஏழு ஆண்டு கூடும் என்பது ஊர் நம்பிக்கை. வெள்ளிக் கொலுசு, மோதிரம் அணிந்திருந்தால் கழற்றிப் பைக்குள் வையுங்கள். இந்த வாயு வெள்ளியையும் கறுக்கச் செய்யும்.

5. ரோப்காரில் தோகெண்டாய்க்கு இறங்கி, அஷி ஏரியில் படகில் போய், பஸ்ஸில் யுமோட்டோ திரும்புங்கள்.

6. இனி குளியல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனி இடம். நீச்சலுடைக்கு அனுமதியில்லை, முதல்முறை கூச்சமாக இருக்கும், ஆனால் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. பச்சை குத்தியிருந்தால் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறு முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்க அல்ல. கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். சிறு துண்டு நீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் எழுந்து, தண்ணீர் குடித்து, வேண்டுமானால் மீண்டும் இறங்குங்கள். வெளியேறும்போது அந்தத் துண்டாலேயே உடலைத் துடைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குள் நுழையுங்கள். அங்கே தரை ஈரமாகக் கூடாது.