லெவலுக்கு நடுவே வரும் மேப்: பீச் முதல் எண்ணூர் வரை வரைவது எப்படி

வீடியோ கேமில் ஒரு லெவல் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் மேப்பை, சென்னை பீச் - எண்ணூர் ரயில் தடத்தை வைத்து வரைவோம். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மேப்பில் ஆடுபவருக்கு வேலை உண்டா, வெறும் பார்வைக்கா? 1985-இல் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸும் 1993-இல் வந்த டூமும் பார்வை வகை. டூமில் முடித்த இடத்தில் ரத்தக்கறை விழும், அடுத்த இடத்தை அம்பு காட்டும். அவுட்ரனில் (1986) ரோடே இரண்டாகப் பிரியும். மொத்தம் 15 பகுதி, ஒரு ஆட்டத்தில் ஓட்டுவது 5. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 (1988) மாதிரி ஆளை நடக்க விடும் மேப்தான் கஷ்டம். ஆனால் ஊர் மனதில் நிற்பதும் அதில்தான், அதையே எடுத்துக்கொள்வோம்.

NES என்ற 8 பிட் கேம் மெஷினின் திரை 256 × 240 பிக்சல். 16 பிக்சல் கட்டமாகப் பிரித்தால் 16 × 15. பழைய டிவியில் மேலும் கீழும் 8 பிக்சல் மறையும் என்பதால் உயரத்தில் 14 கட்டத்தை நம்பலாம்.

பீச்சிலிருந்து ரயில் வடக்கே போகிறது, திரையோ அகலம். வடக்கை மேலே வைத்தால் இடம் பத்தாது. மேற்கை மேலே வையுங்கள்: கடல் கீழே வரும், பீச் இடது ஓரம், எண்ணூர் வலது ஓரம். நம்ம ஆட்களுக்குக் கடல் என்றால் கிழக்கு, முதலில் குழம்புவார்கள். கீழ் வரிசையில் இரண்டு விசைப்படகு வரைந்தால் பிடிபட்டுவிடும்.

அந்தத் தடத்தில் 10 ஸ்டேஷன். இரண்டுக்கு நடுவே ஒரு கட்டம் தண்டவாளம் வேண்டும் என்றால் 19 கட்டம் ஆகும். அதனால் ஏழே போதும்: பீச், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். 0-இலிருந்து எண்ணினால் இவை 2, 4, 6 என 14 வரையான கட்டங்கள். சென்ட்ரல் பக்கமிருந்து வரும் லைன் கொருக்குப்பேட்டையில் சேர்வதால், பேசின் பிரிட்ஜை அதற்கு நேர் மேலே 2 கட்டம் தள்ளி வையுங்கள். அசலில் சாய்வுதான், ஆனால் வளைவுக்குத் தனி டைலும் (கட்டத்தை நிரப்பும் சிறு படம்) தனிக் கணக்கும் தேவைப்படும். ராயபுரத்துக்குக் கீழே காசிமேடு, ரகசிய வழி. சூப்பர் மரியோ வேர்ல்டில் வெளியேற இரண்டு வழி உள்ள லெவலுக்குச் சிவப்புப் புள்ளி, ஒரே வழிக்கு மஞ்சள். அந்த மரபை இங்கேயும் பிடித்துக்கொள்ளலாம்.

1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனை ஒரே கட்டத்தில் காட்ட 4 தூண் போதும்: தூணுக்கு 2 பிக்சல், இடைவெளிக்கு 2, இரு ஓரத்திலும் 1. கூட்டினால் சரியாக 16.

ஒரு கட்டத்துக்கு ஒரே வண்ணத் தொகுதிதான்: பின்னணி நிறமும் கூட 3 நிறமும். கரையைக் கட்டத்தின் நடுவில் ஓடவிட்டால் தரைக்குக் கடல் நிறம் ஏறும். கரை கட்ட ஓரத்திலேயே முடியட்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 5 பைட்: நாலு திசையிலும் அடுத்த நிறுத்தத்தின் எண், திறந்ததா மூடியதா. ஏழு ஸ்டேஷன், பேசின் பிரிட்ஜ், காசிமேடு என 9 நிறுத்தத்துக்கு 45 பைட். நடக்கலாமா என்பதை டைலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தை மாற்றிய அன்றே வழி அடைபடும். ஆள் ஒரு பிரேமுக்கு (திரை ஒருமுறை புதிதாக வரையப்படும் நேரம்) 2 பிக்சல் நகரட்டும், 8 பிரேமில் ஒரு கட்டம். 3 வைத்தால் 16 மீதியில்லாமல் வகுபடாது. ஆள் நிறுத்தத்தைத் தாண்டி ஓடிவிடுவார்.

அதிகம் நடக்கும் தவறு: ராயபுரத்தில் 'கீழே காசிமேடு' என்று எழுதிவிட்டு, காசிமேட்டில் 'மேலே ராயபுரம்' எழுத மறப்பது. காசிமேட்டில் சேவ் செய்து, மெஷினை அணைத்துப் போட்டு, மேல் பட்டனை அழுத்திப் பாருங்கள்.